பாறைமேல் அரக்குச் சாயம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருச் சாக்கடையில் ஒருநாள் மஞ்சள் ஓடும், மறுநாள் பச்சை. முகூர்த்த மாதங்களில் பெரும்பாலும் சிவப்புதான். அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். ஆகவே சிவப்பாக எதைப் பார்த்தாலும் ரத்தம் என்று பதறுகிற சுபாவம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. ஊருக்குள் இருந்தவரை இந்தக் குறைபாட்டால் ஒரு தொல்லையும் வரவில்லை.

அம்மாவின் அண்ணன் ஜவ்வாது மலையில் ஃபாரஸ்ட் கார்டாக இருந்தார். அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடை லீவுக்கு அப்பாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். மாமாவுக்குக் காக்கிச் சட்டை, தொப்பி, கையில் ஒரு தடி. அந்தத் தடியைக் கண்டால் சிறுத்தை ஒதுங்கிப் போய்விடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் மாமா எங்களை மலைமேல் அழைத்துப் போனார். சாயக் கொப்பரைமேல் குனிந்தே பழகிய அப்பாவுக்கு முதல் மேட்டிலேயே இரைக்க ஆரம்பித்தது.

"இன்னா மாப்ள, அதுக்குள்ள நாக்கு தள்ளுது?" என்றார் மாமா.

"மெதுவா போ மச்சான். மலை எங்கியும் ஓடிடாது."

ஒரு பாறைமேல் சிவப்புச் சொட்டுகளை நான்தான் முதலில் பார்த்தேன். யாரோ சாயத்தில் நனைத்த நூல் கழியை ஈரத்தோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று தீர்மானித்து, "அப்பா, இங்க கூட சாயம் போடறாங்க!" என்று கத்தினேன்.

உட்கார ஒரு காரணம் கிடைத்த மகிழ்ச்சியில் அப்பா பாறையருகே குந்தினார். விரலால் தொட்டார். தேய்த்து, வெயிலில் காட்டிப் பார்த்தார். "அரக்குதாம்மா. சரியா காய்ச்சல. நிக்காது இது."

திரும்பி வந்து பார்த்த மாமாவின் முகத்தில் சிரிப்பு அடங்கியது. "மாப்ள, ரத்தம் அது. இன்னும் காயக்கூட இல்ல."

விரல்களை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அப்பா கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போது புதருக்குள் ஏதோ இருமியது.

மாமா எங்களைப் பெரிய பாறை ஒன்றுக்குப் பின்னால் இழுத்துத் தள்ளினார். "மூச்சு விடாத பாப்பா." சருகு நொறுங்கியது, நின்றது, மறுபடி நொறுங்கியது. எங்கள் மூவரில் சிறுத்தை முதலில் யாரைத் தின்னும் என்று யோசித்தேன். எளிதில் மெல்லக்கூடியவள் நானே. அப்பா காஞ்சிபுரத்துச் சாமிகளை வாய்க்குள்ளேயே வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் அது சீக்கிரம் முடிகிற வேலையல்ல.

மாமா தொப்பியைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்தார். அப்பாவின் துண்டை உருவி, கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். உச்சி வெயில். அந்தத் துண்டுக்குள் அவர் வெடவெடவென்று நடுங்கினார்.

புதரை விலக்கிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு ஆட்கள். தோளில் துப்பாக்கி. நடுவே கழியில் கட்டித் தொங்கவிட்ட புள்ளிமான், தலை ஆடிக்கொண்டே வந்தது.

"காக்கிக்காரன் எதுக்க வந்தா?" என்றான் பின்னால் வந்தவன்.

"வரட்டுமே. தோட்டா இன்னும் இருக்குதே."

பாறையை ஒட்டியே நடந்து போனார்கள். பேச்சும் சருகுச் சத்தமும் தேய்ந்து மறைந்தன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சிறுத்தை இல்ல மாமா, ஆளுங்கதான்!" என்று குதித்தேன். மாமா எழுந்திருக்கவில்லை. அப்பாதான் கைகொடுத்துத் தூக்கினார். அதற்குமேல் ஏறாமல் திரும்பிவிட்டோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முந்திக்கொண்டேன். "அத்தை, மாமாவுக்கு குளிர் ஜுரம். வெயில்லயே துண்டு போத்திக்கினு நடுங்கினாரு."

அத்தை அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் விரல்களைப் பார்த்தார். அத்தை மிளகுக் கஷாயம் வைத்தாள். மாமா முகம் சுளிக்காமல் குடித்தார். நோயைக் கண்டுபிடித்த பெருமையில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

காலையில் மாமா காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். மாமா வளைவில் மறைந்த பிறகும் அத்தை வாசலை விட்டு நகரவில்லை.

ஜுரம் சரியாக விடவில்லையே என்ற கவலை போலிருக்கிறது என்று நினைத்து, சாயங்காலத்துக்கும் கொஞ்சம் கஷாயம் எடுத்து வைக்கச் சொன்னேன்.