வீடு ஏறியது, கார் இறங்கியது

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ரோடு போட வருகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்ட மாட்டார்கள். அதன் தலையிலேயே புது ரோடு. இப்படி ரோடு வளர்ந்து வளர்ந்து எங்கள் வாசற்படியை விழுங்கிவிட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்கு வந்துவிடும். பொறுத்துப் பார்த்த மாமனார், ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்கினார். அதே மாதம் அவருடைய ஒரே மகன், அதாவது என் கணவர், தன் சின்னக் காரை இரண்டு அங்குலம் இறக்கினார்.

ஊரே மேலே போகும்போது கீழே போகிற ஞானம் இவருக்கு எங்கிருந்து வந்தது? செல்போனிலிருந்துதான். எவனோ எந்த ஊரிலோ வழவழவென்ற சாலையில் தரையோடு தரையாகக் கார் ஓட்டுகிற வீடியோவைச் சாப்பிடும்போதுகூடப் பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்தினாபுரத்தில் ஒரு ஷெட்டில் ஒரிஜினல் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங் போட்டார்கள். ஷெட்காரர் எட்ட நின்று ரசித்து, "சோக்கா கீது சார்! இன்மே வண்டி ரோட்ட கட்டிப் புட்சிகினு போவும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. கட்டிப் பிடித்தது, அப்புறம் விடவே இல்லை.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். அந்தக் காருக்குள் உட்காருவது சுலபம், விழுந்தால் போதும். எழுவதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து தாம்பரம் ஆஸ்பத்திரி வரை எதற்குப் பஞ்சம் வந்தாலும் வேகத்தடைக்கு வராது. கொஞ்சம் செல்வாக்குள்ளவர் வீடு என்றால் வாசலில் ஒன்று இருக்கும். ஆள் கனத்தோடு போனால் காரின் அடிவயிறு அதில் உரசும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் முன்னால் நானும் மாமியாரும் இறங்கிக்கொள்ள வேண்டும். கார் கோணலாகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். நாங்கள் நடந்துபோய் மறுபடியும் உள்ளே விழுவோம். ஒரு நாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல சண்டையாம்மா? வயித்துப் பிள்ளைக்காரி இப்படிக் கோவிச்சுக்கிட்டு நடக்கலாமா?" என்றார். மனைவி முன்னால் நடக்க, கார் பின்னால் ஊர்ந்து வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கணவரிடம் சொன்னேன். "டாக்டர்தானே உன்னை நடக்கச் சொன்னாங்க?" என்றார்.

"வலி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நான் இருக்கேன்ல?"

அவர் இருப்பார், கார் வந்து சேருமா என்பதுதான் என் கவலை. முடிச்சூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் சூழ்ந்துவிடும். தூக்கி வைத்த வீடுதான் பத்திரம் என்று இரண்டு குடும்பமும் பேசி முடிவு செய்திருந்தார்கள். எனக்குப் பயமாகவே இருந்தது.

பத்தாம் மாதத்தில் ஒரு மழை நாள் காலையில் வலி வந்தது. வீடு உயர்ந்துவிட்டதால் கேட்டுக்கு வெளியே சறுக்குமரம் மாதிரி ஒரு சிமெண்ட் சரிவு கட்டியிருந்தோம். வழக்கமாக அதில் பலகைகளை அடுக்கி, எங்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் காரை இறக்குவார். அன்று பதற்றத்தில் பலகையையும் மறந்தார், எங்களை இறக்கிவிடவும் மறந்தார். பாதி இறங்கியதும் அடிவயிறு தரையில் தட்டி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் கார் நின்றுவிட்டது. சக்கரம் மட்டும் ஈரத்தில் சுற்றியது.

மாமனார் குடையோடு ஓடி வந்தார். "பக்கத்து வீட்டத் தூக்குற ஜாக்கி இருக்குடா, கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். ஆட்களும் ஜாக்கியோடு வந்துவிட்டார்கள்.

"நீங்க தூக்கி முடிக்கறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடமே போயிடும்" என்று கத்திவிட்டு, மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கி நடந்தேன்.

தெருமுனையில் வாடிக்கையாக எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா கண்ணு, வலி கண்டுச்சா? உன் வூட்டுக்காரு காரு இன்னா ஆச்சு?"

"மாட்டிக்கிச்சுக்கா."

"அத்த வுட்டுத் தள்ளு. நீ ஏறு" என்று மறுபடியும் உள்ளே உட்கார்ந்து, மீன் கூடையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த ஆட்டோ எந்த வேகத்தடைக்கும் மரியாதை தரவில்லை. ஒவ்வொன்றிலும் தூக்கிப் போட்டது. நான் அலறினேன், சங்கரா மீன் ஒன்று துள்ளி என் காலில் விழுந்தது. ஆனால் யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை.

பெண் குழந்தை. எல்லாம் முடிந்த பிறகுதான் கணவர் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் சேறு. குழந்தையைப் பார்த்து அழுதார், என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மனசு இளகிக்கொண்டிருந்தது. அதற்குள் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு ஸ்பீட் பிரேக்கர்லகூட இடிக்கல, தெரியுமா? அப்படியே வழுக்கிட்டு வந்துச்சு."

எனக்குக் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

"எப்படி இடிக்கும்? உள்ளே நாங்க யாருமே இல்லையே" என்றேன்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று அவர் குழந்தையோடு எங்களை வீட்டுக்கு அழைத்துப் போக ஆட்டோவில் வந்தார். கார் பழைய ஸ்பிரிங் போட்டுக்கொள்ள அஸ்தினாபுரம் போயிருந்தது.