சந்திரகிரியில் மிச்சமிருந்த வெயில்

சென்ற வாரம் செஞ்சிக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்று போனைப் பார்த்தால், அஸ்தமனத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது என்கிறது. நிமிர்ந்து பார்த்தால் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போயாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. இதே வழக்கை அறுபதுகளில் நான் வாதாடியிருக்கிறேன்.

அப்போது எட்டாம் வகுப்பு. திடம், திரவம், வாயு, கோள் என்று புதுப்புதுச் சொற்கள். கற்ற சொல்லை அன்றைக்கே யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் எனக்கு. எங்கள் மளிகைக் கடையில் வெல்லம் கசிந்தால், திடம் திரவமாகிறது என்பேன். என் நைனாவோ, முதலில் அதை எறும்பு ஏறாத இடத்தில் வை என்பார்.

எறும்பு என்றதும் பத்மா ஞாபகம். என் வகுப்புத் தோழி. மேல்சித்தாமூர்ப் பெண், சமணக் குடும்பம்; படிப்புக்காகச் செஞ்சியில் அத்தை வீட்டில் இருந்தாள். பொழுது போனபின் சாப்பிட மாட்டார்கள். அத்தைக்குப் பொழுது என்றால் ராஜகிரிதான். சூரியன் அதன் பின்னால் இறங்கியதும் அடுப்பை அணைத்துவிடுவார்.

அன்று மதியம் பத்மாவின் சோற்றுத் தூக்குக்குள் எறும்பு. அவற்றைக் கொல்ல மனமில்லாமல் சோற்றை அவற்றுக்கே விட்டுவிட்டாள். என் சாப்பாட்டில் வெங்காயம், தொடமாட்டாள்.

கடைசி வகுப்பில் டீச்சர் பித்தளைக் குண்டொன்றைச் சூடாக்கி ஒரு வளையத்தின்மேல் வைத்தார். சுட்டால் பருத்து நுழையாது, ஆறினால் தானே விழும் என்றார். மணி அடித்தும் பத்மா நகரவில்லை. அது விழுவதைப் பார்த்தே தீரவேண்டுமாம். ஒருவழியாகப் பொத்தென்று விழுந்தது. கைதட்டிவிட்டு வெளியே வந்தால் சூரியனும் மலைக்குப் பின்னால் விழுந்திருந்தது.

“அவ்ளோதான். இனிமே காலைலதான்” என்றாள் பத்மா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவளை இழுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன். மதியமும் பட்டினி என்று கேட்டதும் அத்தை முகம் வாடிவிட்டது. ஆனாலும் சோற்றுப் பானையைத் திறக்கவில்லை. சூரியன் எங்கும் போகவில்லை, பூமிதான் சுழல்கிறது என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். ஒன்றும் எடுபடவில்லை.

பத்மாதான் கிழக்கே கை காட்டினாள். “பொழுது போயிட்ச்சின்னா, அது இன்னா அத்தை?”

சந்திரகிரி உச்சியில் மஞ்சள் வெயில் அப்படியே இருந்தது.

அத்தை தெருவில் இறங்கி நின்று பார்த்தார். வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அங்கேயே இருக்கும் மலை. “இவ்ளோ நாளா அந்தப் பக்கம் திரும்பியே பாக்கலியே” என்றார். பிறகு, “உக்காருடி, சீக்கிரம்.”

வாசலிலேயே தட்டு. ஆறின சோறும் பருப்பும். வெயில் பாறை பாறையாக மேலேறிக்கொண்டிருந்தது. பத்மா சோற்றைப் பார்த்தாள். நானும் அத்தையும் மலையைப் பார்த்தோம். அவள் கை கழுவியபோது உச்சிப் பாறையில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. மறுநாளிலிருந்து அத்தை சந்திரகிரியைப் பார்த்துத்தான் அடுப்பை அணைத்தார்.

போன வாரம் அந்தத் தெருவுக்கும் போய்ப் பார்த்தேன். அத்தை இல்லை. பத்மா எங்கேயோ வெளியூரில் மகனோடு. அந்த வாசலில் நின்றால் எதிரே மாடிக் கட்டடங்கள், சந்திரகிரி தெரியவில்லை. போன் சொன்னது சரியென்றால் உச்சியில் அப்போதும் வெயில் இருந்திருக்கும். உட்காரச் சொல்லிச் சோறு போடத்தான் ஆளில்லை.