பாங்கில் எனக்குக் கிடைத்த வேலை

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது. குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009க்குப் பிறகு ஓர் ஆண்டு, சுவிசில் நாங்கள் இருந்த மலையூரில் காசினோ கட்டினார்கள். ஊரில் எல்லோருக்கும் வேலை என்று கூட்டம் வைத்துச் சொன்னார்கள். கட்டடத்தில் 'ஷ்பீல்பாங்க்' என்று பலகை தொங்கியது. என் கணவர் அந்தச் சொல்லின் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்த தன் தங்கைக்கு போன் எடுத்தார்.

"உன்ர மச்சாளுக்கு பாங்கில வேலை வரப்போகுது!"

அந்தச் சொல்லுக்குச் சூதாடுமிடம் என்றுதான் அர்த்தம் என எங்களுக்குத் தெரியவருமுன் அங்கே உறவெல்லாம் கதை பரவிவிட்டது.

நான் ஆசைப்பட்டது வாசலில், வருபவர்களின் குளிர்க்கோட்டை வாங்கி வைக்கும் வேலைக்கு. ஹோட்டலில் கோப்பை கழுவிக் கழுவிக் கைகள் வெடித்திருந்தன. சோறு குழைத்தால் கறியின் உறைப்பு உள்ளே இறங்கி எரியும். கை காய்ந்திருக்கும் வேலை போதும் எனக்கு.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியும் அதையே கேட்டாள். கணவனை இழந்தவள், பால் கட்டுப்படியாகாமல் மாடுகளை விற்றவள். காசினோ வந்ததும் வாடகை அவளுக்கும் எனக்கும் ஒன்றாகத்தான் ஏறியது. மேலாளர் எங்கள் இருவரையும் பார்த்தார். அவளுக்கு வாசல், எனக்கு நிலவறையில் கோப்பை. எனக்கு டொச், அதுதான் ஜெர்மன் மொழி, போதாதாம். அவளுடைய டொச்சோ, அந்த மலையைத் தாண்டினால் ஒருவருக்கும் விளங்காது. கீழே போனேன். கழுவ நின்றவர்கள் எல்லோரும் என் நிறம்தான்.

பனிக்காலத்தில் கூட்டம் கூடியது. ஒருநாள் அவள் கீழே இறங்கி வந்தாள்.

"கையைக் காட்டு," என்றாள். பார்த்துவிட்டு, "வா மேல," என்றாள்.

மேலாளரிடம் போய், "கோட்டு மலையாக் குவியுது. இவ வராட்டி நான் திரும்ப மாடு வாங்கப் போறன்," என்றாள்.

அவர் யோசித்தார். "சரி, திரைக்குப் பின்னால நிக்கட்டும்."

அவள் வாங்கித் தருவாள். நான் உள்ளே கொழுவுவேன். ஒரு கிழமை போனதும் அவள், "புழுக்கமாக் கிடக்கு," என்று திரையை இழுத்துக் கட்டிவிட்டாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேலாளர் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

கை ஆறி, எரிவில்லாமல் சோறு குழைத்துச் சாப்பிட்ட நாளில்தான் கணவரின் தங்கை போன் எடுத்தாள்.

"மச்சாள், பாங்கில உங்களுக்கு என்ன வேலை?"

"சனம் கொண்டுவந்து தாறதை வாங்கி வைக்கிறன். கேக்கேக்கை திருப்பிக் குடுக்கிறன்."

"பாங்கெண்டா அதுதானே!" என்றாள்.

பலகையில் இருந்த சொல் அதுதானா, காசினோ திறந்தது எந்த ஆண்டு என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.