காப்பார் சேற்றில் ஒரு பெட்ரோல் வண்டி

பத்தொன்பது வருடங்கள் ஒரே நில அளவை நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தாறாவது வயதில் அதை விட்டேன். காப்பார் பக்கம் சிறிய செம்பனைத் தோட்டங்கள் வைத்திருப்பவர்களுக்கு, வடிகால் வெட்டவும் பாதை போடவும் மட்டம் பார்த்துக் கொடுக்கிற ஆள் அடிக்கடி தேவைப்படும். அதைத் தனியாகவே செய்யலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கருவிகள் வாங்கியாயிற்று. பெயர் அட்டைகூட அடித்துவிட்டேன். மழை பெய்த மறுநாள் தோட்டத்துக்குள் போய்த் திரும்பக்கூடிய ஒரு ஃபோர் வீல்தான் பாக்கி. இத்தனை நாள் ஓட்டியது அலுவலக வண்டி. அதன் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

டீசலா, பெட்ரோலா, கேஸா? ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த கேள்வி மூன்று வாரம் என்னைத் தின்றது. காலையில் டீசல் என்று எழுந்திருப்பேன். மதியம் யாராவது டீசல் விலையைப் பற்றிப் பேசினால் பெட்ரோலுக்கு மாறிவிடுவேன். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நிற்கிற ஒவ்வொரு ஃபோர் வீலின் சொந்தக்காரரையும் மடக்கிக் கேட்டேன். ஒருவர் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் விளக்கினார். உள்ளே நின்ற ஆன்டி, "அங்கிள், மேல போகணும்லா" என்று அதட்டிய பிறகுதான் விட்டார். எல்லாரும் தங்களிடம் இருப்பதே நல்லது என்றார்கள்.

என் கணவர் பள்ளி ஆசிரியர். வண்டி ஓட்டமாட்டார், ரயிலில்தான் போய்வருவார். நான் மூன்று பத்தி போட்டு எழுதி வைத்த தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டியபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தோட்டத்துக்கு நடுவுல நின்னு போச்சுன்னா எது பரவாயில்ல?"

"நின்னு போகும்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"கேட்டேன்மா. அவ்வளவுதான்."

தாளை மடித்து எடுத்துக்கொண்டேன். அவர் வண்டியைப் பற்றிக் கேட்ட மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

கேஸ் வண்டி முதலில் கழிந்தது. அது உண்மையில் பெட்ரோல் வண்டிதான். பின்பக்கம் சிலிண்டர் பொருத்தி மாற்றியிருந்தார்கள். பழைய டாக்சிக்காரர் ஒருவர் ஆச்சரியப்படும்படி மலிவாகச் சொன்னார். பின்கதவைத் திறந்தால், என் மட்டக் கருவியின் முக்காலியும் அளவுகோல்களும் போகவேண்டிய இடத்தில் சிலிண்டர் கொழுத்த பன்றி மாதிரி படுத்திருந்தது. "கேஸ் எங்கண்ணே ஊத்துவீங்க?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "அதான் விக்கிறேன். ஒவ்வொரு ஸ்டேஷனா மூடிக்கிட்டு வர்றானுங்க." அவருடைய நேர்மைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மிச்சம் இரண்டு. கிள்ளானில் ஒரு டீசல் பிக்கப். அதன் சொந்தக்காரர் மீன் வியாபாரத்தை நிறுத்திவிட்ட ஓர் அண்ணன். கறுத்த, பருத்த மனிதர். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் அவரே விரலால் தொட்டுக் காட்டினார். "இது காரணம் இல்லாம நிக்காதும்மா. ஆனா டவுனுக்குள்ளயே ஓட்டுனீங்கன்னா இதுக்குச் சீக்கு வரும். நல்லா சூடேற ஓட்டணும்." ஓட்டிப் பார்த்தேன். மிதிக்காமலே மெதுவாக இழுத்துக்கொண்டு போனது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் எங்கள் மாடியின் கார் நிறுத்துமிடத்தில் அந்தச் சத்தம் எப்படி எதிரொலிக்கும் என்று நினைத்தேன். டீசலுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த சலுகை எனக்குக் கிடைக்காது என்பதையும் நினைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்னொன்று ஸ்ரீ கெம்பாங்கானில், ஒரு சீனப் பெண்மணியின் பழைய வண்டிக் கடையில் இருந்த பெட்ரோல் ஃபோர் வீல். சுத்தமானது. குளிர்பதனப் பெட்டி மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. அவர் என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, அரை நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். தார் ரோட்டில் மட்டும் என்று மலாயில் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

கடையிலிருந்து கிளம்பிக் கால் மணி நேரம் இருக்கும். என் பழைய முதலாளி ஃபோனில் அழைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேசினார். கவலைப்படாதீங்க, உங்க இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. எப்ப வேணும்னாலும் வாங்க."

"அவர் எதுக்கு உங்ககிட்ட பேசினாரு சார்?"

"சும்மா... விசாரிச்சாரு."

நான் ஏதோ சொல்லி ஃபோனை வைத்தேன். முகம் எரிந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் நேராகப் போய்க்கொண்டே இருந்தேன். கிள்ளான் வந்தது, அதையும் தாண்டினேன். காப்பாரில் எனக்கு முதல் வேலை தருவதாகச் சொன்னவரின் தோட்டம் இருந்தது. தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு நொடி நிறுத்தினேன். முந்தின நாள் மழை. மண் கறுப்பாக மின்னியது. கியரை மாற்றி உள்ளே விட்டேன்.

பாரிட் என்கிற வடிகால் ஓரமாக இருநூறு அடி போயிருப்பேன். வண்டி சறுக்கி வலது பக்கம் சாய்ந்தது. மிதித்தேன். எஞ்சின் கத்தியது, சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். பத்தொன்பது வருட அனுபவத்தில் மற்றவர்களுக்கு எதைச் செய்யாதே என்று சொல்வேனோ, அதையே செய்துகொண்டிருந்தேன். இறங்கியபோது சேறு கணுக்காலைத் தாண்டியது. பின்சக்கரங்கள் பாதி புதைந்திருந்தன.

தோட்டக்காரரை அழைக்க முடியாது. முதல் வேலையே கைவிட்டுப் போய்விடும். கடைக்கார அம்மாவை நினைக்கவே பயமாக இருந்தது. இழுவை வண்டிக்காரனோ, சேறு என்றதும் வர மறுத்துவிட்டான். ஃபோனில் கணவரின் பெயர் மேலேயே இருந்தது. அதைத் தொடாமல் கீழே தள்ளிக்கொண்டே போனேன். கிள்ளான் அண்ணனின் எண் கண்ணில் பட்டது.

"அண்ணே, நான் டீசல் பிக்கப் பார்க்க வந்தவ."

"சொல்லும்மா, முடிவு பண்ணிட்டியா?"

"இல்லண்ணே. காப்பார்ல மாட்டிக்கிட்டேன். பெட்ரோல் காடில."

அவர் சிரிக்கவில்லை. "எங்க? லொகேஷன் அனுப்பு. சக்கரத்தச் சுத்தாத, அப்படியே விட்டுரு."

முக்கால் மணி நேரத்தில் வந்தார். பிக்கப்பைப் பின்னோக்கிக் கொண்டுவந்து, வார்ப் பட்டையை எடுத்து என் வண்டியின் பின்கொக்கியில் மாட்டினார். பிக்கப்பில் ஏறி, எந்த அவசரமும் இல்லாமல், எருமையை ஓட்டுகிற மாதிரி முன்னால் நகர்த்தினார். சேறு ஒரு பெரிய முத்தச் சத்தத்தோடு என் சக்கரங்களை விட்டது. பிறகு இறங்கி வந்து, சேற்றைப் பார்த்து, என்னைப் பார்த்து, சொன்னார்:

"இதுக்கு மேல நான் என்னம்மா விளம்பரம் பண்றது?"

அப்போதுதான் இருவரும் சிரித்தோம். ஆனால் அவருடைய சக்கரங்களை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். பற்கள் ஆழமான சேற்று டயர்கள். என்னுடையது வழவழப்பான ரோட்டு டயர். "எஞ்சின் இல்லண்ணே, டயர்தான் இழுத்தது" என்றேன். "பாதி டயர், பாதி எஞ்சின், மிச்சம் ஓட்டுறவங்க" என்றார். மூன்றையும் கூட்டினால் ஒன்றுக்கு மேல் வந்தது.

கிள்ளானில் வண்டியை இரண்டு தடவை கழுவினேன். ஆனாலும் ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் திரும்பியதும் கடைக்கார அம்மா குனிந்து சக்கர வளைவுக்குள் விரலை விட்டு, கறுத்த மண்ணை எடுத்து எனக்குக் காட்டினார். உண்மையைச் சொன்னேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். என் கால்சட்டையைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"என் பழைய ஆபீஸுக்கு ஃபோன் பண்ணீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

அவர் விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தார். "மூணு வாரமா ஒரு எஞ்சின முடிவு பண்ண முடியாம சுத்துற. வேலைய விட்டது தப்புன்னு உனக்கே தோணுதோன்னு நினைச்சேன். தோணினாலும் நீ வாய்விட்டுச் சொல்லமாட்ட. திரும்பிப் போக வழி இருக்கான்னு நான் பார்த்து வைக்கலாம்னு..."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். காய்ந்த சேறு தரையில் உதிர்ந்தது. கத்த வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை.

"தப்புன்னு தோணல. பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றார். என் காலடியில் உதிர்ந்த சேற்றைப் பார்த்து, "அப்ப ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே ஒரு காடி வாங்குவோம்லா" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. இருவரும் ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். அண்ணன் என் கணவரிடம் காப்பார் கதையை முழுசாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சேறு என் இடுப்புவரை வந்ததாகச் சொன்னதை நான் திருத்தவில்லை. டீசல் பிக்கப்பை வாங்கினோம்.

சரியான முடிவா என்று இன்றுவரை தெரியாது. டீசல் ஊற்றும்போது, பக்கத்துப் பெட்ரோல் பம்பின் மலிவான விலையைப் பார்க்காமலிருக்கக் கண்ணைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில் ஊர்ந்து போகையில், அண்ணன் சொன்ன சீக்கு இப்போதே பிடித்துவிட்டதோ என்று ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன். காப்பார்க்காரர் வேலையைக் கொடுத்தார். அவர் மூலமாக இன்னும் இரண்டு தோட்டங்கள் கிடைத்தன. பிறகு ஒரு வாரம் ஃபோன் அடிக்கவே இல்லை. அந்த வாரத்தில் வண்டியை மூன்று முறை கழுவினேன். நான்காவது முறை வாளியோடு கீழே இறங்கியபோது, பள்ளியிலிருந்து வந்த கணவர் எதிரே நின்றார். பையைத் தோளிலிருந்து கழற்றாமலே முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"இத சூடேற ஓட்டணும்னு சொன்னாருல்ல. எங்கயாவது தூரமா ஓட்டு."

வாளியைத் தூணோரம் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.