ஆளில்லாமல் ஓடிய கம்ப்யூட்டர்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் விருத்தாசலத்தில் நடந்தது இது. பீங்கான் கம்பெனிகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதித் தரும் சின்ன ஆபீஸில் வேலை பார்த்தேன். மகள் கைக்குழந்தை. மங்கலம்பேட்டையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவளை விட்டுவிட்டு வருவேன். ஆறு மணி பஸ்ஸை விட்டால் எனக்குப் பால் கட்டிக்கொள்ளும். அங்கே அவள் அழுகிறாளோ என்று வழியெல்லாம் பதைப்பாக இருக்கும்.

புது கம்ப்யூட்டர் வந்தால் புரோகிராம் எழுதுவதற்குத் தயார் செய்வது என் பொறுப்பு. டேட்டாபேஸ், தமிழ் எழுத்துரு, பிரிண்டர் என்று ஒவ்வொரு சிடியாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் 'நெக்ஸ்ட்' அமுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு மிஷினுக்கே பொழுது போய்விடும். நான்கு மிஷின் வருகிறது என்றதும் எனக்கு பஸ் ஞாபகம்தான் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். எல்லாவற்றையும் ஒரே சிடியில் போட்டுத் தொடங்கிவிட்டால் போதும். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே ஏறும். பழைய மிஷினில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. ஆனாலும் மிஷின்கள் வந்த அன்று சாயங்காலம் சிடியின் பிரதிகளைப் போட்டு நான்கிலும் ஓடவிட்டு, ஆபீஸில் எனக்கு மூத்தவரான சீனியரிடம் மிஷின் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் போனால் நான்கும் பாதியில் நின்றிருந்தன. டேட்டாபேஸ் திரும்ப ஏறவும் இல்லை, நீக்கவும் முடியவில்லை.

"கைப்புள்ளக்காரிங்களுக்கு பஸ்ஸு மேலதான் சார் கண்ணு" என்றார் சீனியர், முதலாளியிடம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, ஓடணும்ங்கற அவசரத்துல நாலு மிஷினயும் கெடுத்து வெச்சிருக்க. இனிமே முடியிற வரைக்கும் உக்காந்திருந்துதான் போவணும். முடியாதுன்னா சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறேன்."

காலை முழுக்க நான் எழுதியதை வரி வரியாகப் படித்துத் தப்பைத் தேடினேன். கணக்கு எழுதும் பெண்தான் பக்கத்தில் வந்து குசுகுசுத்தாள்.

"அக்கா, நேத்து நீங்க போனதும் சீனியர் சாருதான் மெயின ஆஃப் பண்ணாரு."

ஆளில்லாத ரூமில் ஃபேன் ஓடினால் அணைப்பது போல அணைத்திருக்கிறார்! நேரே போய்க் கேட்டேன். அவர் முகம்கூட மாறவில்லை. "ஆமா, ஆளே இல்லாம மிஷினு ஓடிக்கிட்டு இருந்துச்சி. கரண்டு பில்லு உங்க வூட்டுலயா கட்டுறாங்க?"

"சொல்லிட்டுதானே சார் போனேன்? காலையில முதலாளி என்னைக் கேக்கறப்ப சும்மா நின்னீங்களே!"

"என்னைய யாரும் கேக்கலியேம்மா."

ஒரு மிஷினைத் துடைத்து விண்டோஸ் போட்டேன். முதலாளியைக் கூப்பிட்டு அவர் கண்ணெதிரே சிடியை ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். மெயின் சுவிட்சை அணைத்தது யார் என்பதையும் சொன்னேன். சாயங்காலம் ஐந்தரைக்குள் எல்லாம் ஏறி முடிந்தது.

முதலாளி சீனியரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பரவால்லியே, தானாவே ஓடுது! சிடிய சாருகிட்ட குடுத்துடும்மா, இனி அவரே பாத்துக்கட்டும். நீ சும்மாதானே இருப்ப, பில் என்ட்ரியும் சேத்துப் பாத்துக்க."

சிடியைக் கொடுத்தேன். "பில் என்ட்ரியும் பாக்கறேன் சார். ஆனா ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடுவேன். இனிமே அதைப் பத்தி யாரும் பேசக் கூடாது" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவர் பதிலுக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டேன்.

மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். மெயினை அணைத்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. குழந்தைக்காக நேரத்தோடு கிளம்பினோமே என்ற ஒரே உறுத்தலில், என் நல்ல வேலையில் நானே தப்புத் தேடினேனே, அதை நினைத்தால்தான் அதைவிட அதிகமாகக் கோபம் வருகிறது.