கரும்பலகையில் இரண்டு பெயர்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உற்றார் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா மலேசியாவில், கிள்ளானில் பிறந்தவர். அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டினார். தமிழ்ப்பள்ளியில் அக்கா எனக்கு இரண்டு வகுப்பு மேல். அவருடைய நோட்டுகள் அட்டை போட்டு, பெயர் ஒட்டி, முனை மடங்காமல் இருக்கும். என்னுடையவற்றில் பாதித் தாள்கள் விமானங்களாகப் பறந்துபோயிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் புது ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நெசமாவே நீ அவ தம்பியா?" என்று கேட்பார். எனக்கு அதில் பெருமைதான்.

ஆறாம் ஆண்டு படிக்கையில் அக்கா மாணவர் தலைவியானார். சட்டையில் குத்தும் அந்தத் தலைவி பேட்ஜுக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர். ஒரு நாள் எங்கள் வகுப்பாசிரியை கூட்டத்துக்குப் போக, எங்களைப் பார்த்துக்கொள்ள அக்காவை அனுப்பினார்கள். பேசுபவர் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. முதல் பெயர் என்னுடையது.

"நான் பேசவே இல்ல லா, அக்கா."

"இப்ப பேசுனல்ல," என்று குறி போட்டார்.

நான் விடவில்லை, அவரும் விடவில்லை. ஏழாவது குறியில் வகுப்பே சிரித்தது. அக்கா சற்று யோசித்தார். பிறகு என் பெயருக்குக் கீழே தம் பெயரை எழுதி, அதற்கும் ஏழு குறிகள் போட்டார்.

நான் எழுந்து பலகையருகே ஓடினேன். "அழிச்சிரு, அக்கா. பேட்ஜ புடுங்கிருவாங்க."

"நானும்தானடா உன்கூட பேசுனேன்."

ஆசிரியை வந்து பலகையைப் பார்த்தார். அக்கா பேட்ஜைக் கழற்றி நீட்டினார். ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குத்திக்கம்மா," என்று சொல்லி, ஓய்வு நேரத்தில் இருவரையும் வகுப்பைக் கூட்டச் சொன்னார். அக்கா மூலை முடுக்கெல்லாம் கூட்டினார். நான் துடைப்பத்தோடு ஆடிக்கொண்டிருந்தேன்.

பின்னாளில் அக்கா தெலுக் பங்லிமா காராங் ஊரில் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்தார். அவர் கணவரான மாமா காலமான பின் தனியாகவே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். பொய் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அந்த வகையில் நான் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

கடைசி வாரம், மருத்துவமனையில், அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் இந்தப் பள்ளிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அங்கிள், கொஞ்சம் மெதுவா லா," என்றார் தாதி. அக்கா கண் திறந்தார். போர்வையின் மேல் விரலால் என் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு குறி போட்டார். நான் அவர் விரலைப் பிடித்து, கீழே அவர் பெயரை எழுதினேன். அக்கா சிரித்தார். நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அதுதான். எனக்கு அது போதும்.

உடனிருந்து கவனித்த தாதியருக்கும், பந்தல் போட்டு, சமைத்து, தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடுத்த பக்க நன்றிப் பட்டியலில் யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவரையும் விடாமல் எழுத அக்காவுக்குத்தான் வரும்.