மூடி மாறிய கிண்ணம்

ஒரு நாளைக்கு அறுபது முட்டைக்கு ஜன்னல் வைக்கிறாள் முட்டை அக்கா. ஓட்டின் மேல் டேப்பை ஒட்டி, சின்னக் கத்தரியால் வட்டமாக வெட்டி, உள்ளே எட்டிப் பார்த்து, "எழுந்தாச்சா ராசா?" என்று விசாரிப்பாள். மூன்று நாள் கருவுக்கு இதயம் துடிக்கும். பதில் சொல்ல வாய் இருக்காது. கரு ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் உதவியாளர். அங்கே பேராசிரியர் முதல் காவலாளி வரை அவளை முட்டை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் மட்டும் முட்டை சமைப்பதில்லை. "ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டு வர மாட்டேன்" என்பாள்.

பேராசிரியர் ஒரு மணி நேரம் விளக்குவதை ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். "எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே ஜீன்தான். நீ விரலாகு, நீ தோலாகுன்னு அக்கம்பக்கத்துல இருக்கறதுதான் சொல்லிக் கொடுக்குது. அதையும் நேரத்துல சொல்லணும். நேரம் தப்பிடுச்சுன்னா கத்தினாலும் காதுல ஏறாது."

எந்தக் கிண்ணத்துக்கும் மூடியில் பெயர் எழுத மாட்டாள். அடியில்தான் எழுதுவாள். இந்தப் பழக்கம் சமையலறை வரை வந்துவிட்டது. சர்க்கரையா உப்பா என்று டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்த கணவர் இரண்டு முறை தரையைப் பெருக்க வேண்டியதாயிற்று. ஏன் இப்படி என்று அவர் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

காரணம் ஒன்பது வருடம் பழையது. அப்போது ஒரு மாணவி இருந்தாள். கோழிக் கருவில் இறக்கையாக வளரப்போகும் மொட்டில், கடுகைவிடச் சிறிய மணியை ஒரே குத்தில் செருகும் கை. விரல் வளரச் சொல்லும் புரதத்தில் ஊறிய மணியை வைத்தால் மூன்று விரல் வரும் இடத்தில் ஆறு வரும். வெறும் உப்புநீரில் ஊறிய மணியை வைத்தால் மூன்றே வரும். மாணவியின் கடைசிச் சோதனையில் எல்லாம் தலைகீழாக வந்தது. "எது எதுன்னு தெரியாம வேலை செய்யற கை இங்க வேண்டாம்" என்று ஆய்வைப் பார்க்க வந்திருந்த விருந்தினர்கள் முன்னால் சொல்லிவிட்டார் பேராசிரியர். அவள் அந்த வாரமே படிப்பை விட்டாள்.

அந்தச் சோதனைக்கு முதல் நாள், மணிக் கிண்ணங்களில் வியர்த்திருந்த, பெயர் எழுதிய மூடிகளைத் துடைத்து வைத்தது முட்டை அக்கா. இரண்டு மூடிகளையும் மாற்றி வைத்ததை பேராசிரியர் திட்டிய அன்று சாயங்காலமே புரிந்துகொண்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். வேலை போய்விடுமே என்று அடுத்த நாளும் வாய் வரவில்லை. பிறகு சொல்ல ஆளே இல்லை.

போன வாரம் அந்த மாணவி பழைய சான்றிதழ் ஒன்று வாங்க வந்தாள். இப்போது வங்கியில் வேலை. முன்தலையில் இரண்டு நரை. "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று அவள் சிரித்ததுதான் முட்டை அக்காவுக்குத் தாங்கவில்லை.

"அன்னிக்கு மூடிய மாத்தி வச்சது நான்தான்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். மாணவி தன் வலக்கையைப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சா? எனக்கு வராத வேலைன்னுல்ல நானே நம்பிட்டேன்."

முட்டை அக்கா அடைகாக்கும் பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து ஜன்னல் வெட்டி, மணியும் இடுக்கியுமாக முன்னால் வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு வச்சுப் பாரும்மா. கை மறந்திருக்காது."

மாணவி குனிந்து அந்தச் சின்ன இதயத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "குழந்தைய ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும்க்கா. நேரமாச்சு."

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கியது. முட்டை அக்கா இடுக்கியை எடுத்தாள். எத்தனையோ ஆயிரம் ஜன்னல் வைத்த கைதான். மணி மொட்டில் இறங்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.